சூடானதும் நின்றுபோகும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி: கண்டென்சரா, ஆயில் சீலா?

அப்பா ஓட்டிய ஒற்றை சிலிண்டர் வண்டி, பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கையைக் கடிக்காமல் வீட்டிலேயே சரிசெய்து கொண்டிருக்கிறேன்.

டேங்க் துருவுக்கு வினிகர் ஊற்றி இரண்டு நாள் வைத்தேன். பழுப்புச் சேறாகக் கொட்டியது. சோடா உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். மறுநாள் காலையில் உள்ளே மறுபடியும் செம்மஞ்சள் படலம்! (காய்ந்த கையோடு கொஞ்சம் எண்ணெய் சுற்றிவிட்டிருக்க வேண்டும், புத்தி பிறகுதான் வந்தது.)

சரி, உண்மையான தலைவலி இதுதான். கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) சுத்தம் செய்து, பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன். இரண்டாவது உதையிலேயே கிளம்புகிறது. பத்து நிமிடத்தில் சூடானதும் இருமி நின்றுவிடுகிறது. ஆறினால்தான் உயிர் வருகிறது. பாயின்ட் முனை கருகியிருப்பதால், அது கருகாமல் காக்க வேண்டிய கண்டென்சர் (மின்தேக்கி) மேல் சந்தேகம். ஆனால் ஆக்சிலேட்டரை விட்டாலும் சில சமயம் எஞ்சின் வேகம் இறங்க மறுக்கிறது. கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் காற்று இழுக்கிறதோ? அப்படியென்றால் செலவு எகிறிவிடும்.

எஞ்சினைப் பிரிக்காமல் எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

அப்புறம், சீட்டைச் சின்னதாக்கப் பின்சட்டத்தை அறுக்கச் சொல்கிறான் தம்பி. எனக்கு மனமில்லை. அறுக்காமல் போல்ட் போட்டே மாற்றியவர்கள் இருந்தால் படம் போடுங்கள்.