நம்ம குடும்பம் (நீலகிரி): ஏர் ரைபிள் டிரிகர் பழுது

[காலை 8:12] கோத்தகிரி தம்பி: 📷 படம்
மாமா, சித்தப்பா, பாப்பா பிராக்டீஸுக்கு செகண்ட்ஸ்ல வாங்கின 0.177 அங்குல ஏர் ரைபிள். டிரிகர் கனமா இருக்குன்னு முன்னாடி வெச்சிருந்தவர் வீட்லயே சியரை (டிரிகர் இழுக்கற வரைக்கும் ஸ்பிரிங் தள்ளற பிஸ்டனைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) எமரி கல்லுல தேச்சிருக்கார். இப்ப பேரலை மூடும்போதே சுட்டுடுது. இன்னும் கொஞ்சம் தேச்சு கோணத்தை சரி பண்ணிடலாமா?

[8:20] பெரிய மாமா: தேய்க்காதே மாப்ளே. சரி பண்ற வரைக்கும் காக் பண்ணவும் (பேரலை மடிச்சு ஸ்பிரிங்கை அமுக்கி மாட்டவும்) வேண்டாம். பேரல் மடிச்ச நிலையில சியர் நழுவுனா பேரல் சட்டுனு மேல ஏறி மூடும். பெல்லட் (ஈயக் குண்டு) வைக்கிற விரல் நடுவுல இருந்தா எலும்பே போயிடும். நல்ல ரைபிள்லயும் பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை அழுத்திப் பிடிச்சே இருக்கணும். பாப்பாவுக்கு முதல் பாடமே இதுதான்.

[8:26] வெலிங்டன் சித்தப்பா: படம் பாத்தேன் கண்ணு. சியர் ஓரம் உருண்டு போச்சு. அந்தப் பாகத்துக்கு மேல் தோல் மட்டும்தான் கெட்டி. அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, உள்ள மெது இரும்பு. தோல் போனப்பறம் எவ்வளவு அழகா கோணம் வெச்சாலும் மறுபடி உருளும்.

[8:27] வெலிங்டன் சித்தப்பா: சோதிக்கணும்னா சியரோட ஓரத்துல ஊசி அரத்தை லேசா ஓட்டு. வழுக்கினா கெட்டி இருக்கு. கடிச்சா இல்ல.

[8:31] குன்னூர் அக்கா: ஏன் சித்தப்பா, வெல்டிங்ல கொஞ்சம் நிரப்பி தேச்சா ஆகாதா? புதுசு கிடைக்க நாளாகுமே.

[8:35] பெரிய மாமா: வெல்டு சூட்டுல சுத்தியிருக்கற கெட்டித்தன்மையும் போயிடும்மா. சியரைத் தாங்கற பின் (சின்ன ஆணி) போற ஓட்டையும் கோணிக்கும். நாளானாலும் புதுசுதான். சியர் மட்டும் வாங்கினா போதாது. பிஸ்டன் ராடு நுனியில சியர் மாட்டற காடியையும் பாக்கணும். அதோட ஓரமும் உருண்டிருந்தா புது சியரையும் அது தின்னுடும். ரெண்டையும் ஜோடியா மாத்து.

[8:38] பெரிய மாமா: போட்டி ரைபிள் டிரிகர் பூ மாதிரி இருக்கேன்னு பாத்துட்டுதான் எல்லாரும் இதைத் தேய்க்கறாங்க. அதெல்லாம் இப்ப அடைச்ச காத்துல ஓடறது, டிரிகர் மேல வர்ற பாரம் ரொம்பக் கம்மி. ஸ்பிரிங் ரைபிள்ல முழு ஸ்பிரிங் பாரத்தையும் அந்தச் சின்ன ஓரம்தான் தாங்குது. கனம் குறையணும்னா அட்ஜஸ்ட் ஸ்குரூ இருந்தா அதைத் திருப்பு, சியர் முகத்துல ஊசி முனையளவு மோலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) வை. அவ்வளவுதான்.

[8:44] கோத்தகிரி தம்பி: கழட்டறது எப்படி? பின்பக்கம் ரெண்டு பின் இருக்கு.

[8:52] வெலிங்டன் சித்தப்பா: முதல்ல பெல்லட் உள்ள இல்லைன்னு பாரு, காக் ஆகலைன்னு உறுதி பண்ணு. தோள்ல வைக்கிற மரக்கட்டையைக் கழட்டு. காக் ஆகாமலே ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அமுங்கித்தான் உக்காந்திருக்கும். பின்னைத் தட்டினா பின்மூடி தோட்டா கணக்கா பறக்கும். ஆசாரிங்க கதவுச் சட்டம் ஒட்ட வெச்சிருக்கற நீள சாஷ் கிளாம்ப் வாங்கிக்கோ. பேரல் பக்கம் மரத்துண்டு, பின்மூடிப் பக்கம் நடுவுல துளை போட்ட மரத்துண்டு. லேசா இறுக்கினா பின் தானா தளரும், தட்டி எடுத்துட்டு கிளாம்ப்பை மெதுவா தளர்த்து. பின்மூடிப் பக்கத்தை ஆளைப் பார்த்தபடி நீட்டாதே.

[8:58] வெலிங்டன் சித்தப்பா: ஸ்பிரிங்கை வெளிய எடுத்ததும் கண்ணாடி மேல உருட்டு. தள்ளாடினா வளைஞ்சிருக்கு, அதையும் மாத்து. பிஸ்டனைத் திரும்ப உள்ள விடும்போது டியூப்ல காக்கிங் லிவர் போற நீளத் துவாரத்தோட ஓரம் கத்தி. பிஸ்டன் தலையில காத்தை அடைக்கிற வாஷரை அறுத்துடும். அந்த ஓரத்தை முதல்ல நைஸ் எமரி பேப்பர்ல மழுக்கிட்டு, துடைச்சு, அப்புறம் விடு.

[9:05] குன்னூர் அக்கா: தோல் வாஷர் காஞ்சு கிடந்தா தேங்காயெண்ணெய் விடலாமா?

[9:09] பெரிய மாமா: கூடவே கூடாதும்மா. நம்ம ஊரு குளிருக்கு 24 டிகிரிக்குக் கீழ அது உறைஞ்சுடும், பிஸ்டன் திணறும். மெஷின் ஆயிலும் ஆகாது. பிஸ்டன் பாய்ஞ்சு காத்து அமுங்கும்போது வர்ற சூட்டுல எண்ணெய் பத்திக்கும். ‘டமால்’னு சத்தம், புகை. ஸ்பிரிங் உடையும், வாஷர் கருகும். தோல் வாஷருக்கு மாட்டுக்கால் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊற வை. ரப்பரா இருந்தா சிலிக்கான் எண்ணெய், அதுவும் விரல்ல தடவற அளவு.

[9:15] கோத்தகிரி தம்பி: ஸ்பிரிங் மாத்தறதுன்னா கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடலாமா மாமா?

[9:21] பெரிய மாமா: அதே அளவுதான். 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலக் குழல் துளையையோ 20 ஜூல் ஆற்றலையோ தாண்டினா லைசென்ஸ் வேணும். 0.52 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் போனா 10.4 ஜூல். அதே பெல்லட் 277 தொட்டா 20 ஆயிடும். 10 மீட்டர் அட்டை சுட அந்த வேகம் தேவையே இல்ல, துல்லியம்தான் கெடும்.

[9:26] குன்னூர் அக்கா: பெரியப்பா வீட்ல லைசென்ஸ்ல இருக்கற டபுள் பேரல் துப்பாக்கியிலயும் ஒரு பக்கம் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி) முறிஞ்சிருக்கு. சேர்த்தே பாத்துடலாமா?

[9:30] வெலிங்டன் சித்தப்பா: அது வேற கதை. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல பழுது பாக்கறதுக்கே தனி லைசென்ஸ். ரிப்பேர் லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போகணும், லைசென்ஸ் புத்தகத்தோட. பின் முனை கூரா இருந்தா தோட்டா அடியில இருக்கற வெடி மூடியைக் குத்திக் கிழிச்சு சூடு வாயு கண் பக்கமா வரும். குட்டையா இருந்தா வெடிக்காது, இல்ல தாமதிச்சு வெடிக்கும். அதை வீட்ல தேய்க்க யாரையும் விடாதே.

[9:38] கோத்தகிரி தம்பி: சரி. மாட்டின பிறகு எப்படி சோதிக்கறது?

[9:45] பெரிய மாமா: காலியா சுடாதே, காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போய் முட்டும். பெல்லட் போட்டு, பேரலை மூடி, ரைபிளை மணல் மூட்டையில படுக்க வை. முனை, குண்டைத் தடுத்துப் பிடிக்கற பெட்டிக்குள்ள (பெல்லட் ட்ராப்) பாக்கணும், எதிர்ல யாரும் இருக்கக் கூடாது. விரல் டிரிகர்ல படாம ரப்பர் சுத்தியால பாடியை நாலு பக்கமும் லேசா தட்டு. ஒரு தடவை வெடிச்சாலும் திரும்பக் கழட்டு. தாண்டிட்டா டிரிகரை இழுத்து சுட்டுட்டு, மறுபடி மறுபடி அதையே செஞ்சு பாரு. நம்பிக்கை வந்தப்பறம்தான் பாப்பா கையில.

[9:49] வெலிங்டன் சித்தப்பா: கேன்வாஸ் உறையில போட்டு வைக்காதே. ஐப்பசி கார்த்திகை மழை கோத்தகிரிப் பக்கம் ஜாஸ்தி, உறை ஈரம் குடிச்சு டியூப் பூரா துரு ஏறும். எண்ணெய்த் துணியில துடைச்சு திறந்த அலமாரியில நிக்க வை. அலமாரிக்குப் பூட்டு போடு.

[9:53] பெரிய மாமா: கடைக்கு எழுதறதுக்கு முன்னாடி மாடல், பாடியில இருக்கற நம்பர், ஸ்பிரிங் கம்பி தடிமன், வெளி விட்டம், சுத்து எத்தனை, தளர்ந்த நீளம், வாஷர் விட்டம் எல்லாம் வெர்னியர் வெச்சு அளந்து இங்க போடு. காடியைக் கிட்டத்துல ஒரு படம், வெளிச்சத்துல.

[9:54] கோத்தகிரி தம்பி: கிளாம்ப் வாங்கிட்டு சாயந்திரம் போடறேன் மாமா.