ஆலைப்பாழ்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆலைப் புகையால் மரஞ்செடிகள் அழிந்து மொட்டையான நிலத்தை ஆங்கிலத்தில் 'இண்டஸ்ட்ரியல் பேரன்ஸ்' என்பார்கள். அதைத் தமிழில் சொல்லத் 'தொழிற்சாலைத் தரிசு' போதும் என்று சிலர் கூறும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தரிசு உழவரின் சொல். கிராமக் கணக்கிலும் வழங்குவது. விதைக்காமல் விட்ட அந்நிலத்தில் புல் முளைக்கும், ஆடு மேயும், மழை பெய்தால் ஏர் பூட்டலாம். நாம் பெயரிட முயலும் நிலத்தில் இவற்றில் ஒன்றும் நடவாது.

எடுத்துக்காட்டாக, கனடாவின் சட்பரி நகரில் நிக்கல், செம்புத் தாதுவை விறகுக் குவியல்மேல் திறந்தவெளியில் பல பத்தாண்டுகள் வறுத்தார்கள். கந்தகப் புகை இலைகளைக் கொன்றது. மரமிழந்த சரிவுகளின் மண்ணை மழை அரித்துச் சென்றது. எஞ்சிய மண்ணில் அமிலமும் உலோகங்களும் தங்கிவிட்டதால், விதை முளைத்தாலும் வேர் நீள முடியாமல் குறுகிக் கருகியது. 1972இல் 381 மீட்டர் புகைபோக்கி எழுந்து ஊர்க்காற்று தெளிந்த பின்னும் கரிய பாறைச் சரிவுகள் பல மொட்டையாகவே கிடந்தன. சுண்ணாம்புக்கல் தூளை மண்ணின் மேற்பரப்பில் தூவினாலே செடிகள் குடியேறத் தொடங்கும் என்பதை லாரன்சியன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கீத் விண்டர்ஹால்டர் காட்டினார். 1978 முதல் மாணவர்கள் மூட்டை சுமந்து சரிவேறிக் கையால் தூவினார்கள். தூவிய இடத்தில் விதைத்த புல்லோடு, எவரும் நடாத பிர்ச் மரக்கன்றுகளும் தலைகாட்டின.

'பாலை' என்று வைக்கலாம் என்ற இன்னொரு பரிந்துரை என்னை ஈர்த்தது. முல்லையும் குறிஞ்சியும் தன்னியல்பு திரிந்து பாலையாகும் என்னும் மரபு இங்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பாலை மழையால் மீளும். சட்பரியில் மழையே மண்ணைக் கொண்டுபோயிற்று. மேலும், இன்றைய வாசகர் பாலைவனம் என்றே கொள்வார்.

'பாழ்' என்பதில்தான் நான் தேடிய பொருள் இருக்கிறது. பாழடைந்த வீடு என்றால் முன்பு அதில் ஆள் குடியிருந்தது சொல்லாமலே விளங்கும். அதுபோலவே, காடு இருந்து அழிந்த நிலம் இது. இத்தகைய நிலங்கள் பெரும்பாலும் இரும்பல்லாத உலோக உருக்காலைகளைச் சுற்றியே உருவாவதை ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் தொகுத்துக் காட்டியிருப்பதால், முதலில் 'உலைப்பாழ்' என்றே எழுதினேன். அணு உலையோடு குழம்பும் என்பதால் கைவிட்டேன். உருக்காலை என்பதிலேயே 'ஆலை' இருப்பதால் 'ஆலைப்பாழ்' தகும்.

இதன் விளிம்பில், குட்டைப் பிர்ச் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் பகுதியை ஆய்வாளர்கள் தனியே பிரிக்கிறார்கள். அதற்கு 'அரைப்பாழ்' என்று வைக்கலாம். 'அரைத்தரிசு' என்றால் பாதி உழுத நிலம் போல ஒலிக்கும்.