ஒன்றரை லட்சத்துல ஒரு சீசன் எண்டியூரன்ஸ்: பத்துமா, பத்தாதா?

ஓமலூரான்:
வணக்கமுங்க. போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு கத்தியவாரி பெட்டைக்குதிரை பிடிச்சேன். ஏழு வயசு, எடை 350 கிலோ இருக்கும். அடுத்த வருசம் எண்டியூரன்ஸ்ல, அதாவது குதிரையில நெடுந்தூரம் ஓட்டற போட்டியில, 40 கிலோமீட்டர், முடிஞ்சா 60ம் ஓடணும். வருசத்துக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கேன். தோட்டம் சொந்தம், சோளத்தட்டும் சொந்தம். பத்துமா?

கணக்குப்பிள்ளை:
பத்தாது தம்பி. குதிரையைப் பார்த்துக்க ஒரு ஆளுக்கு மாசம் 12,000னு வெச்சாலே வருசம் 1,44,000. குதிரை இன்னும் ஒரு வாய் தின்னல, உங்க பட்ஜெட் தீர்ந்துபோச்சு. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடும்னு சொல்வாங்களே, நம்ம ஆளுங்களும் அப்படித்தான். போட்டோ போட நூறு பேர் வருவாங்க, செலவுச் சீட்டைக் கேட்டா ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.

காப்பிக்காடு:
ஒத்தைக் குதிரைக்கு ஆள் எதுக்குங்ணா? ஏற்காட்டுல என் குதிரைக்குச் சாணி அள்றது நானேதான். தாண்டுற போட்டின்னா மைதானம் வேணும், கட்டை வேணும், வெளிநாட்டுக் குதிரை வேணும். இதுக்கு வேண்டியது தூரமும் பொறுமையும். எஸ்டேட்காரங்ககிட்ட சொல்லிட்டு காப்பித்தோட்டத்து மண்தடத்துல ஓட்டறேன், அதுக்குக் காசில்ல. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதையில மட்டும் ஓட்டாதீங்க. தார்ல இறங்கினா முன்னங்கால் போயிரும்.

2023ல பிரான்ஸ் காஸ்டெல்சாக்ராவுல இளையோர் உலகப் போட்டியில நம்ம பக்கத்து மலப்புரத்துக்காரப் பொண்ணு நிதா அஞ்சும் 120 கிலோமீட்டர் முடிச்சாங்களே.

கணக்குப்பிள்ளை:
அவங்க துபாயில பழகினவங்க. அந்தச் செலவையும் ஓமலூர்க் கணக்கையும் ஒரே தராசுல வைக்காதீங்க அம்மிணி.

அஸ்தம்பட்டி அக்கா:
ரெண்டு பேரும் தட்டைப் பத்திப் பேசவே இல்ல. தம்பி, பச்சைச் சோளத்தட்டை மாட்டுக்குப் போடற மாதிரி குதிரைக்குப் போடாதீங்க. மூத்திரப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாட ஆரம்பிக்கும். கொழுக்கட்டைப்புல் காய்ஞ்சது வாங்குங்க. நாளைக்கு 7 கிலோன்னா வருசத்துக்கு ரெண்டரை டன். எனக்குக் கிலோ 12 ரூபாய்க்குக் கிடைக்குது, ஆக 30,000. இலவசம்னு நினைச்ச இடத்துலயே முதல் ஓட்டை.

லாடம் ஆறு வாரத்துக்கு ஒருக்கா. எனக்கு ஒரு தடவைக்கு 1,500 ஆகுது. குடற்புழு மருந்து, தடுப்பூசி தனி.

இன்னொண்ணு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயித்து நோவு வந்தா அப்படியே புரளும். என்னோடது ஒருக்கா ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துடுச்சு. வண்டி பிடிச்சு நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு. பிழைச்சுது, ஆனா அந்த வருசப் போட்டிக் காசு அதோட போச்சு. அதனால 40,000 தொடாம வெச்சுட்டுத்தான் மிச்சத்தை பட்ஜெட்னு சொல்வேன்.

காப்பிக்காடு:
அக்கா சொல்றது சரி. ஆனா ஆயிரக்கணக்குல துடிப்பு மீட்டர் வாங்கச் சொல்வாங்க பாருங்க, அது வேண்டாம். ஸ்டெதஸ்கோப் போதும். இடது முன்னங்கால் தொடங்கற இடத்துக்குப் பின்னால வெச்சு, போன்ல 15 நொடி பார்த்து இதயத்துடிப்பை எண்ணுங்க. 16 எண்ணினா நிமிசத்துக்கு 64. பன்னாட்டு விதியில, ஓடி வந்ததும் சோதிக்கிற குதிரை டாக்டர் கேக்கறதும் அதே 64தான். முதல்ல வந்து நின்னாலும் நேரத்துக்குள்ள அது இறங்கலைன்னா வெளியே. எங்க கொட்டகைக்குப் பின்னாடி மேட்டை ஏறி வந்ததும் 26, பத்து நிமிசம் தண்ணி ஊத்திட்டுப் பார்த்தா 15. பயிற்சி வேலை செய்யுதான்னு இதுலயே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஸ்டெதஸ்கோப்பு லாரி ஓட்டுமா? போட்டி நம்ம வாசல்லயா நடக்குது? போக, வர வாடகை, நடுவுல டிரைவர் காத்திருக்கிற நாளுக்கு பேட்டா. தீவனம் மாறினா வயித்தைக் கெடுக்கும்னு புல்லையும் ஏத்தணும். தண்ணி ஊத்தக் கூட ரெண்டு பேர், அவங்களுக்குச் சோறு, ரூமு. நொண்டினா பாதியிலேயே அனுப்பிடுவாங்க, கட்டினதெல்லாம் போச்சு.

ஓமலூரான்:
அக்கா கணக்கைப் போட்டேன். புல்லு 30, லாடம் 13, மருந்து 10, ஒதுக்கு 40. மிச்சம் 57,000. அதுல ஒரே ஒரு 40 கிலோமீட்டர், லாரியைப் பங்கு போட்டுக்க ஆள் கிடைச்சா. 60ஐ எடுத்துட்டேன். இன்னிக்கு விடியக்காலை கொட்டகையில குதிரை சும்மா நிக்கும்போது துடிப்பை எண்ணினேன்: நிமிசத்துக்கு 38. காப்பிக்காடு அக்கா, லாரியில உங்க குதிரை வருமா?

காப்பிக்காடு:
வரும். அடிவாரத்துல ஏத்திக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
ஆள் சம்பளம் இன்னும் கணக்குல வரல.