ரிலீஃப் பிட்ச்சருக்குத் தமிழில் 'பின்னெறிவாளர்'

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பாலில் தொடக்க எறிவாளருக்குப் பதிலாக ஆட்டத்தின் நடுவே பந்தெறிய வரும் ரிலீஃப் பிட்ச்சருக்கு 'நிவாரண எறிவாளர்', 'மாற்று எறிவாளர்' என்னும் இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நிவாரணம் என்றதும் நமக்குப் புயலும் வெள்ளமும்தான் நினைவுக்கு வரும். இவர் செய்வதோ, முன்னவரிடமிருந்து பணியை ஏற்று அவரை விடுவிப்பது. 'மாற்று' என்றால், யாரேனும் காயமுற்றால் களமிறங்கும் உபரி ஆள் என்றே கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் கொள்வார்கள். இவர் உபரி ஆள் அல்லர் என்பதற்கு, அமெரிக்க மேஜர் லீக் அணிகள் கோடைதோறும் வீரர் பரிமாற்றக் கெடு நெருங்கும்போது இவருக்காகப் போட்டியிடுவதே போதிய சான்று.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடியவிருந்த ரிலீஃப் பிட்ச்சர் அரோல்டிஸ் சாப்மனை நியூயார்க் யாங்கீஸிடமிருந்து பெறுவதற்காக, ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸ் அணி, 19 வயது இளம் வீரர் கிளேபர் டோரஸ் உட்பட நால்வரை விட்டுக்கொடுத்தது. ஆறே நாளில், அதே யாங்கீஸிடமிருந்து இன்னொரு ரிலீஃப் பிட்ச்சரான ஆண்ட்ரூ மில்லரை கிளீவ்லாந்து அணி, அதுவும் நால்வரைக் கொடுத்தே, வாங்கிக்கொண்டது. வழக்கமான பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் அக்டோபர் ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள்கள் மிகுதி என்பதால், தொடக்க எறிவாளர் சற்றே தளர்ந்தாலும் அவரை எடுத்துவிட்டு, நல்ல எறிவாளர் ஒருவரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும். இவ்வளவு விலை கொடுப்பதற்கு அது முக்கியக் காரணம்.

மில்லரை கிளீவ்லாந்து பயன்படுத்திய விதம்தான் நம் சொல்லுக்கு உரைகல். பாஸ்டனுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில், ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதிலேயே அவர் அழைக்கப்பட்டார். அடுத்து டொராண்டோவுக்கு எதிராக நான்கு ஆட்டங்களில் ஒரு ரன்னும் கொடுக்காமல் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச்) செய்து, அத்தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார். ஆகவே இறுதி, கடைசி, முடிவு என்னும் பொருள் தரும் எந்தச் சொல்லும் இவருக்குப் பொருந்தாது. எந்த இன்னிங்ஸானாலும் தொடக்க எறிவாளருக்குப் பின் வருபவர் என்பது மட்டுமே இவர்கள் எல்லோருக்கும் பொது. அதனால் 'பின்னெறிவாளர்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். சொல் சிறியது, 'தொடக்க எறிவாளர்' என்பதோடு இணையாகவும் நிற்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 2018 மே மாதம் டாம்பா பே ரேஸ் அணி, பின்னெறிவாளரான செர்ஜியோ ரோமோவை ஆட்டத்தின் முதல் பந்தையே எறிய வைத்தது. ஆனால் ஒருவர் வழக்கமாகச் செய்யும் பணியை வைத்தே பதவிப்பெயர் அமைகிறது. சில நாள்கள் வேறிடத்தில் நின்றதற்காக அது மாறிவிடாது. அவ்வாறு இறங்குபவரை 'முன்னிறக்கப் பின்னெறிவாளர்' என்று நீட்டிச் சொல்வதைவிட, ஓப்பனர் என்றே எழுதுவது தெளிவு.

முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்க இறுதியில் வரும் குளோசருக்கு 'நிறைவு எறிவாளர்' போதும் என்பது என் கருத்து. சாப்மன் அவ்வகையினர். 2016இல் கிளீவ்லாந்துக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் எட்டாம் இன்னிங்ஸிலேயே அவர் அழைக்கப்பட்டு, எதிரணியின் ரஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன்னில் முன்னிலையை இழந்தார். ஆயினும் கப்ஸ் கூடுதலாக ஆடப்பட்ட பத்தாம் இன்னிங்ஸில் 8–7 என வென்று, 1908க்குப் பின் முதல் முறையாகக் கோப்பையைப் பெற்றது. அணியின் முன்னிலையை இறுதிவரை காத்த பின்னெறிவாளருக்கு 1969 முதல் அதிகாரப்பூர்வமாகக் கணக்கிடப்படும் சேவ் என்பதற்குக் 'காப்பு' எனலாமா, அவ்வாறாயின் சாப்மன் அன்று தவறவிட்டதைக் 'காப்பிழப்பு' எனலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.