இணைய வம்ச மரம் 1635 குடியேறி வரை போகிறது, எந்த அளவு நம்பலாம்?

வளர்மதி (செங்காங்):

வணக்கம். பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு பக்க வம்சாவளியையும் எழுதி வைக்கிறேன். மருமகன் அமெரிக்கர். அவர் பக்கம் நான் கையில் வைத்திருப்பது இவ்வளவுதான்:

அவருடைய கொள்ளுத்தாத்தா 1868இல் ஒஹையோவில் பிறந்தவர். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1826 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிறந்தவர். 1850 சென்சஸில் 24 வயது, மனைவி, ஒரு கைக்குழந்தை என்று இருக்கிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. குடும்பப் பெயர் பேக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே சாதாரணமான பெயர்தான்.

ஆனால் இணையத்தில் இருக்கும் ஒரு வம்ச மரம் இவரிலிருந்து விறுவிறுவென்று ஏறி, 1635இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்த ஒருவரிடம் போய் நிற்கிறது. கூட வந்த சகோதரர்கள் மூன்று பேராம். குடும்பச் சின்னம் என்று ஒரு கேடயப் படமும் போட்டிருக்கிறார்கள். ஏழெட்டு மரங்கள் இதையே சொல்கின்றன. அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாமா? இல்லையென்றால் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது?

குமரன் (கிளமெண்டி):

அச்சடிக்க வேண்டாம் அக்கா, இப்போதைக்கு.

ஏழெட்டு மரம் ஒன்றையே சொல்வது சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை மற்றவர்கள் நகலெடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் அழுத்திப் பார்த்து, கீழே மூல ஆவணம் இணைத்திருக்கிறதா, வெறும் இன்னொரு மரம் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று சகோதரர் கதை வந்தாலே நான் சந்தேகப்படுவேன். ஒரே குடும்பப் பெயரில் மூன்று ஊர்களில் ஆட்கள் இருந்தால், பின்னாளில் வந்தவர்கள் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கிவிடுவது அங்கே வழக்கம். கேடயச் சின்னமும் அப்படித்தான். இங்கிலாந்து வழக்கப்படி சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் வந்துவிடாது. குஸ்தாவ் அஞ்சூ என்றொருவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்து விற்றார். அவர் கைச்சரக்கு இன்றைக்கும் இணைய மரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பலருக்கும் 1635தான் கடினம் என்று தோன்றும். உண்மையில் அந்தக் காலம் நன்றாக ஆராயப்பட்டது. 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் சுமார் 20,000 பேர். பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகம் அவர்களில் 1635 வரை வந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. சங்கிலி அறுந்து போவது 1790க்கும் 1850க்கும் நடுவில். உங்கள் மரமும் அங்கேதான் சந்தேகமாக இருக்கிறது. காரணம் இரண்டு. 1790 முதல் 1840 வரை சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயது வாரியாக எண்ணிக்கை. நியூயார்க் மாநிலமோ 1880களில்தான் பிறப்பு இறப்பு எல்லாவற்றையும் முறையாகப் பதிய ஆரம்பித்தது. மாசசூசெட்ஸில் நூறு வருஷம் பளிச்சென்று தெரியும் குடும்பம், நிலம் தேடி மேற்கு நியூயார்க் போனதும் காணாமல் போய்விடும்.

ஆகவே கீழிருந்து மேலே, ஒவ்வொரு படியாக. ஒஹையோவில் 1867 முதல் ஒவ்வொரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் மாதிரி) புரோபேட் நீதிமன்றமும், அதாவது உயில், வாரிசுச் சொத்து பார்க்கும் நீதிமன்றமும், பிறப்பு, இறப்பைப் பதிந்தது. 1868 பிறப்பு அதில் இருக்கலாம், ஆனால் ஆரம்ப வருஷங்களில் விட்டுப்போனவை நிறைய. கொள்ளுத்தாத்தா 1908 டிசம்பருக்குப் பிறகு ஒஹையோவில் இறந்திருந்தால் மாநில இறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் இருக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள். இறந்தவரின் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னது என்றால் பெற்றோர் பெயர் பிழையாக இருக்கலாம்.

அடுத்து, கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1855இல் நியூயார்க்கில்தான் இருந்தார் என்றால், 1855 நியூயார்க் மாநில சென்சஸ். இது தனி, மத்திய அரசு எடுத்தது இல்லை. ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, நியூயார்க்கில் பிறந்திருந்தால் எந்தக் கவுண்டி, இந்த ஊரில் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். 1850 சென்சஸில் உறவுமுறையே கிடையாது, அது மத்திய சென்சஸில் 1880இல்தான் வந்தது. சில கவுண்டிகளின் 1855 ஏடுகள் அழிந்துவிட்டன, உங்களுடையது தப்பியிருந்தால் பிறந்த கவுண்டி கையில் வந்துவிடும்.

அந்தக் கவுண்டியில் 1830, 1840 சென்சஸில் பேக்கர் குடும்பத் தலைவர்கள் எல்லாரையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுமே ஜூன் 1 கணக்கு. 1826இல் பிறந்த பையன் 1830இல் "5 வயதுக்குள்" கட்டத்திலும் 1840இல் "10 முதல் 15க்குள்" கட்டத்திலும் விழ வேண்டும். இரண்டு முறையும் அந்த இடத்தில் ஓர் ஆண்பிள்ளை இல்லாத வீட்டைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மிஞ்சும் வீடுகளில் ஒன்றுதான் அப்பா வீடாக இருக்க வாய்ப்பு. வாய்ப்பு மட்டும்தான், சென்சஸ் இதற்கு நிரூபணம் ஆகாது.

நூர்ஜஹான் (பிடோக்):

குமரன் அண்ணன் விட்ட இடத்திலிருந்து. யார் யாருக்குப் பிள்ளை என்று வாயைத் திறந்து சொல்லும் ஆவணங்கள் நிலப் பத்திரமும் உயில் வழக்கும்தான். ஆரம்பத்தில் இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழுக்கே அலைவார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இல்லாமல் போகும்போது கைவிட்டுவிடுவார்கள்.

உயில் எழுதாமல் இறந்தவர் என்றால் இன்னும் நல்லது. சொத்தைப் பிரிக்க நீதிமன்றத்துக்கு வாரிசுகள் பட்டியல் போகும், கல்யாணமான மகள்கள் கணவர் பெயரோடு வருவார்கள். நியூயார்க்கில் இதைப் பார்ப்பது சரகேட் நீதிமன்றம். உயிலின் நகல் மட்டும் போதும் என்று நிற்காதீர்கள், மனுவும் பாகப்பிரிவினைத் தாள்களும் சேர்ந்த முழுக் கட்டையும் கேளுங்கள். பத்திரத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. அப்பா இறந்த பிறகு பிள்ளைகள் தங்கள் பங்கை ஒரு சகோதரனுக்கே எழுதிக்கொடுத்திருப்பார்கள். விற்றவர் அட்டவணையில் ஒரே நாளில் நான்கைந்து பேக்கர்கள் வரிசையாக வந்தால் அதுதான். இரண்டாவது, புதுக் கவுண்டியில் அந்த அப்பா வாங்கிய முதல் நிலத்தின் பத்திரம். வாங்குபவர் "பெர்க்ஷயர் கவுண்டி, மாசசூசெட்ஸ், இன்ன ஊர்க்காரர்" என்று பழைய ஊரை அதில் போட்டிருப்பார்கள். நியூயார்க்குக்கும் மாசசூசெட்ஸுக்கும் நடுவில் அறுந்த சங்கிலி பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் சேரும்.

1826இல் பிறந்தவரின் தாத்தா 1760 வாக்கில் பிறந்து அமெரிக்கப் புரட்சிப் போரில் இருந்திருந்தால் ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். 1832 சட்டப்படி விண்ணப்பித்தவர்களிடம் எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள், படையில் சேரும்போது எங்கே இருந்தீர்கள், பிறகு எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று நீதிமன்றத்தில் வரிசையாகக் கேட்டு எழுதினார்கள். விதவைகளுக்குக் கல்யாணச் சான்று வேண்டும், ஆகவே குடும்ப பைபிளில் பிறந்தநாள் எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்த அலுவலகம் என்பதில் கவனம். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் நிலப் பத்திரம் ஊர் அளவில், மாசசூசெட்ஸில் கவுண்டி அளவில். கவுண்டி எல்லையும் நகரும். உதாரணத்துக்கு லங்காஸ்டர் இன்று வூஸ்டர் கவுண்டி. ஆனால் வூஸ்டர் உருவானதே 1731இல். 1720இல் லங்காஸ்டரில் இறந்தவரின் புரோபேட் கோப்பு மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கும். அதற்கு வூஸ்டரில் தேடி "ஒன்றும் இல்லை" என்று எழுதி வைப்பவர்கள் ஏராளம்.

இங்கிருந்தே பார்க்க ஃபேமிலிசர்ச் தளம் போதும், கணக்குத் திறக்கக் காசு இல்லை. இப்போது பழைய கையெழுத்தை எந்திரமே படித்துத் தேடித் தரும் முழுவரித் தேடல் வந்திருக்கிறது, அமெரிக்கப் பத்திரங்களுக்கும் புரோபேட்டுக்கும் ரொம்ப உதவும். பேக்கர் என்று மட்டும் போட்டால் கடலில் விழுவீர்கள், கூடவே ஊர்ப் பெயரையும் அக்கம்பக்கத்து நிலக்காரர் பெயரையும் போடுங்கள். தளத்தில் கேமரா அடையாளத்தின் மேல் சாவி இருந்தால் அந்த ஆவணப் படம் வீட்டில் திறக்காது, அந்தத் தளத்தாரின் குடும்ப வரலாற்று மையம் போன்ற இடத்தில்தான் திறக்கும். பக்கத்து மையம் எது என்று தளத்திலேயே தேடலாம், போகும் முன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்மதி (செங்காங்):

இருவருக்கும் நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். அந்த மரத்தில் ஒரு தம்பதி 1691 ஏப்ரல் 14 கல்யாணம், முதல் பிள்ளை 1691 டிசம்பர் 10 என்று இருக்கிறது. ஊர்ப் பதிவேட்டின் படத்தில் மாதப் பெயரே இல்லை, "12வது மாதம், 10வது நாள்" என்றுதான் இருக்கிறது. எட்டு மாதம்தானே ஆகிறது? மற்றொன்று, மருமகன் எச்சில் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் 1635 ஆள் உறுதியாகுமா?

செல்வம் (தோ பாயோ):

அந்தப் பிள்ளை பிறந்தது பிப்ரவரி அக்கா. 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு பிறப்பது மார்ச் 25. மார்ச்தான் முதல் மாதம், 12வது மாதம் பிப்ரவரி. ஆக 1691 ஏப்ரல் கல்யாணம், நம் கணக்கில் 1692 பிப்ரவரி 10 பிள்ளை, பத்து மாதம் ஆகிவிட்டது. மரம் போட்டவர் 12 என்றதும் டிசம்பர் என்று தட்டியிருக்கிறார். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள நாள்களை 1691/2 என்று இரட்டையாக எழுதுவார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள், பதிவேட்டின் சொற்களையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. கல்லறையில் இறந்த தேதியும் வயதும் போட்டிருந்து நீங்கள் பிறந்த நாளைக் கழித்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால், இந்த 11 நாள் இடிக்கும்.

ஊர்ப் பதிவேடு என்றதும் இன்னொன்று. மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் 1850 வரையான பதிவுகள் அச்சில் அகரவரிசையில் இருக்கின்றன. அதில் கல்யாணம் என்று நினைப்பது பல நேரம் கல்யாண அறிவிப்பு மட்டும்தான், மணமகன் ஊர், மணமகள் ஊர் இரண்டிலும் பதிந்திருப்பார்கள். கல்யாணம் நடந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஜூனியர், சீனியர் என்றிருந்தால் அப்பா, மகன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூத்தவர், இளையவர், அவ்வளவே. சித்தப்பாவாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். இந்த ஒரு காரணத்தால் மாறிப்போன அப்பாக்கள் கணக்கில்லை.

மரபணு: சாதாரண எச்சில் சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேல் பலவீனம். பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 மூதாதையர் இடங்கள், அதில் பலரிடமிருந்து ஒரு துண்டுகூட வந்திருக்காது. ஆனால் அப்பாவுக்கு அப்பா என்று நேர் ஆண் வழியாகப் போவதால் ஒய் குரோமோசோம் சோதனை உபயோகம். 37 குறிகள் (ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) தொடக்கத்துக்குப் போதும், நெருக்கமாக ஒத்துப்போனால் 111. அந்த 1635 ஆளின் வேறொரு மகன் வழியில், ஆவணத்தோடு வந்த ஓர் ஆண் ஏற்கெனவே சோதித்திருக்க வேண்டும், அவரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அதே வம்சம் என்றுதான் தெரியும், எந்தக் கிளை என்பதற்குப் பத்திரம்தான். துளியும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு கண்ணி தவறு, மரத்தை வளர்ப்பதை அங்கேயே நிறுத்துங்கள்.

குமரன் (கிளமெண்டி):

இங்கிலாந்துப் பக்கம் இப்போதே போகாதீர்கள். அங்கே தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தொடங்குகின்றன, அதே பெயரில் ஒரு ஜான் பேக்கருக்கு ஞானஸ்நானம் ஏதாவது ஓர் ஊரில் கிடைத்தே தீரும். அது நம் ஜான் என்பதற்கு அதுவே ஆதாரம் இல்லை. அவர் சின்ன வயதிலேயே இறந்தாரா, அல்லது அங்கேயே கல்யாணம் செய்து பிள்ளை பெற்றாரா என்று அதே பதிவேட்டில் தொடர்ந்து பாருங்கள். நம்பக்கூடியது "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு" என்று உறவினர் எழுதிய உயில். கேண்டர்பரி பேராயரின் திருச்சபை நீதிமன்றத்தில் (Prerogative Court of Canterbury) பதிந்த 1384 முதல் 1858 வரையான உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடக் கிடைக்கும்.

ஊர் அலுவலகங்களுக்கு எழுதுவதானால் ஒரு கடிதத்தில் ஒரு ஆள், ஒரு நிகழ்வு, ஐந்து வருஷ இடைவெளி, அவ்வளவுதான் கேட்கலாம். "பேக்கர் குடும்பம் பற்றி எல்லாம் அனுப்புங்கள்" என்றால் பதில் வராது. சில அலுவலகங்கள் அமெரிக்க வங்கி செக் மட்டுமே வாங்கும், அதை மருமகன் கணக்கிலிருந்து போடச் சொல்லுங்கள். ஃபோன் செய்வதானால் பாஸ்டனுக்கும் நமக்கும் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. இங்கே இரவு பத்தரைக்குக் கூப்பிட்டால் இரண்டு காலத்திலும் அங்கே ஆள் இருப்பார்.