பாட்டுல வந்த வார்த்தை பசங்க வாய்க்கு வந்தப்போ உங்களுக்கு என்ன நடந்துச்சு?

வியாசர்பாடி_இப்போ_கோவை
நேத்து டீக்கடையில ரெண்டு ப்ளஸ் டூ பசங்க ஒருத்தன ஒருத்தன் டங்காமாரின்னு கூப்ட்டு சிரிச்சுட்டு நின்னானுங்க. டீய பாதியில வச்சுட்டு வந்துட்டேன். 2015ல வடசென்னை வியாசர்பாடியிலேர்ந்து இங்க இன்ஜினியரிங் சேர்ந்தேன். அனேகன் படத்து டங்காமாரி பாட்டு ஹாஸ்டல் முழுக்க ஓடும், அதே வருஷம் வேதாளம் படத்து ஆளுமா டோலுமா வேற வந்துச்சு, ரெண்டுமே பாட்டாசிரியர் ரோகேஷ் எழுதுனது. மொத நாள் நைட்டு ரூம்ல எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன், உடனே ஒருத்தன் எழுந்து உக்காந்து "மச்சி அந்தப் பாட்டு மாதிரி பேசிக் காட்டு"ன்னான். பேசுனேன். நல்லா கைதட்டுனாங்க, எனக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. அடுத்த வாரம் கிளாஸ்ல சார்கிட்ட "நோட்டு எத்துனு வரேன் சார்"னு வாயில வந்துடுச்சு. "இது காலேஜ்ப்பா, பேட்டை இல்ல"ன்னார். ரூம்ல கைதட்டுன அதே பசங்கதான் மொதல்ல சிரிச்சது.

அன்னிலேர்ந்து அம்மா போன் பண்ணா மொட்டமாடிக்கு போயிடுவேன். ரூம்ல வச்சு "இன்னாம்மா, துன்னியா"ன்னு கேக்க வாய் வரல. நாலு வருஷம். மழை பேஞ்சா கட் பண்ணிட்டு அப்புறம் கூப்புடறேன்னு மெசேஜ் போடுவேன், அம்மா ஏதோ பரிச்சைன்னு நெனச்சுப்பாங்க.

டங்காமாரிய தனுஷ்கூட பாடுன மரண கானா விஜி சாவு வீட்ல பாடி பேர் வாங்குனவரு. எங்க தெருவுல சாவு விழுந்தா விடிய விடிய கானா ஓடும், செத்தவங்க பேரு, பொறப்பு, வாங்குன கடன் எல்லாம் பாட்டுல வந்துடும். அந்த வாயிலேர்ந்து வந்த வார்த்தைங்க இது. வார்த்தை மட்டும் எல்லாருக்கும் வேணும்.

கோவில்பட்டி_அக்கா
தம்பி, படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். நான் உங்க கதையில சிரிச்ச பக்கம்.

2002, பத்தாவது. ஜெமினி படத்துப் பாட்டு வந்து ஊரெல்லாம் ஓ போடுதான். கிரிக்கெட்ல சிக்ஸ் அடிச்சா ஓ போடு, கணக்கு சார் லீவுன்னா ஓ போடு. இலக்கிய மன்றக் கூட்டத்துல திக்குவாய் உள்ள ஒரு பொண்ணு பாரதியார் கவிதை வாசிக்க ஏறுனா. மொத வார்த்தையிலேயே நின்னுடுச்சு. பின்னாடியிலேர்ந்து ஒரு பையன் "ஓ போடு"ன்னான். மொத்த ஹாலும் போட்டோம். அது பாராட்டுக்கு போடற ஓ, அதனால டீச்சர்களுக்கும் சட்டுனு திட்ட வரல, ஒரு டீச்சர் சிரிச்சாங்க கூட. அவ அந்தப் பேப்பர நாலா மடிச்சு ஜியாமெட்ரி பாக்ஸ்குள்ள வச்சுட்டு எறங்குனா. மடிச்ச அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. இப்ப பத்தாவது குரூப்ல அவ நம்பர் இருக்கு, ரெண்டு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டேன்.

தேர்தல்_நாள்
அக்கா, பாட்ட குறை சொல்றது சரியில்ல. அதே ஓ போடுவ எழுத்தாளர் ஞாநி 49-ஓ பிரச்சாரத்துக்கு எடுத்துக்கிட்டார். யாருக்கும் ஓட்டு போட இஷ்டமில்லன்னா பூத்துல பதிவு பண்ற விதி அது, 2013ல நோட்டா பட்டன் வர்றதுக்கு முன்னாடி. சட்டத்துல ஒரு மூலையில கெடந்த நம்பர எங்க காலேஜ் பசங்களுக்கு புரிய வச்சதே அந்த வார்த்தைதான். நான் மொத ஓட்டு போடப் போனப்போ 49-ஓ கேட்டேன், அதிகாரி முகத்த பாக்கணுமே, ஃபார்ம் எதுன்னு அவருக்கே தெரியல.

கோவில்பட்டி_அக்கா
நான் பாட்ட எங்கப்பா குறை சொன்னேன்? எங்களத்தான சொன்னேன்.

கிள்ளான்_மச்சான்
மலேசியாலேர்ந்து எழுதறேன். வியாசர்பாடி தம்பிகிட்ட எனக்கு கொஞ்சம் மாறுபட்ட கருத்து. 2006ல எங்க ஊரு ராப் குழு யோகி பி நட்சத்ராவோட வல்லவன் ஆல்பம் வந்தப்போ எனக்கு 16. மடை திறந்து பாட்டு இளையராஜாவோட நிழல்கள் பாட்டத்தான் ராப்பா மாத்துனது. அதுவரைக்கும் எங்க தமிழ டிவி தமிழ் முன்னாடி பேச கூச்சமா இருக்கும். அடுத்த வருஷம் பொல்லாதவன்லயே யோகி பி குரல் வந்துடுச்சு. 2008ல சென்னைக்கு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்தோம், அங்க பசங்க என்ன சுத்தி நின்னு "ப்ரோ யோகி பி மாதிரி பேசுங்க"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு நான் அரை அடி வளந்துட்டேன். "பசியாறிட்டீங்களா"ன்னு நான் சும்மா கேட்டதுக்கே அழகா இருக்குன்னாங்க. பேசிக் காட்டச் சொல்றது எப்பவும் அவமானம் இல்ல தம்பி.

எட்டாம்வகுப்பு_டீச்சர்
2013ல ஊதா கலரு ரிப்பன் பாட்டு வந்தப்போ எங்க ஸ்கூல் பொண்ணுங்க ரிப்பனும் ஊதா. பஸ் ஸ்டாப்புல பசங்க பாட்ட பாட வேண்டியதில்ல, "ரிப்பன்"னு ஒரு வார்த்தை போதும். ஒருநாள் என் கிளாஸ்ல ஆறு பொண்ணுங்க ரிப்பன் இல்லாம வந்து நின்னாங்க, காரணம் தெரியாம வெளிய நிக்க வச்சுட்டேன்.

பெத்தவங்களுக்கு சொல்றேன். பிள்ளைங்க புது வார்த்தை பேசுனா மொதல்ல திட்டாதீங்க, அத யார்கிட்ட எப்ப சொல்றாங்கன்னு பாருங்க. ஃப்ரெண்டுகிட்ட சொன்னா விட்டுடுங்க, ஒருத்தர பாத்து கூட்டமா சொன்னா மட்டும் கூப்ட்டு பேசுங்க. அர்த்தம் கேளுங்க, பாதிப் பேருக்கு தெரியாது, தெரியாதுன்னு தெரிஞ்சாலே கொஞ்சம் யோசிப்பாங்க. பாட்ட தடை பண்ணாதீங்க, இயர்ஃபோன்ல கேப்பாங்க. கார்ல போறப்போ அவங்க பாட்ட நீங்களும் கேளுங்க. டீச்சர்களும் ஸ்டாஃப் ரூம்ல பிள்ளைங்க பேச்ச நடிச்சுக் காட்டறத நிறுத்தணும், அது எப்படியோ கிளாஸ்க்கு போயிடுது. பெரியவங்ககிட்ட பேசற பேச்சு வேற, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வேறன்னு ஆறாவதுலேர்ந்தே சொல்லிக் குடுங்க.

தேர்தல்_நாள்
டீச்சர், அட்வைஸ் யாரும் கேக்கலயே. அந்த ஆறு பொண்ணுங்களுக்கு அப்புறம் என்னாச்சு?

எட்டாம்வகுப்பு_டீச்சர்
ஒரு பீரியட் முழுக்க வெளிய நின்னாங்க. யாரும் வாயத் தொறக்கல. மத்தியானம் ஆயாம்மா சொல்லித்தான் எனக்கு தெரியும்.

வியாசர்பாடி_இப்போ_கோவை
கிள்ளான் அண்ணே, நீங்க சொல்றது புரியுது, கேக்க சந்தோஷமாவும் இருக்கு. ஆனா நீங்க கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி, பேசிக் காட்டிட்டு பிளேன் ஏறிட்டீங்க. நான் மறுநாள் காலைல அதே பசங்ககூட மெஸ்ஸுக்கு போய் "சாம்பார் ஊத்துங்கண்ணா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கணும்.