மஞ்சள் வெளுத்த குர்தியும் இயற்கைச் சாயமும்

அவுரித்தொட்டி:
போன மாதம் ஒரு குர்தி திரும்பி வந்தது. கைத்தறிப் பருத்தி, சாயம் போட்ட துணியை வேறொருவரிடம் வாங்கி நான் தைத்தது. கொடுக்கும்போது பளிச்சென்ற மஞ்சள். சில நாள் வெயிலில் காய்ந்ததுமே பழுப்பு வெள்ளையாகிவிட்டது. விசாரித்தால் வெறும் சமையல் மஞ்சளில் தோய்த்த துணி. "இயற்கைச் சாயம் என்றாலே ஏமாற்றுதான்" என்று வாங்கியவர் எழுதியிருந்தார். மனசு ஆறவில்லை.

மஞ்சளும் பீட்ரூட்டும் வெயிலுக்கு நிற்காது. நீலம் தரும் அவுரிச் செடியும், சிவப்பு தரும் சாயவேர், மஞ்சிட்டி வேர்களும் அப்படியல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளின் சிவப்பை லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். வெளுத்துப்போகும் கறையையும் நிலைத்து நிற்கும் சாயத்தையும் ஒரே பெயரில் விற்பதுதான் தப்பு. நான் இனி செடிச் சாயத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

நொய்யல்கரை:
அக்கா, நான் திருப்பூர்ச் சாயப்பட்டறையில இருபது வருசம் இருந்தவனுங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னப்ப வேலையில்லாம நின்னேன். சாயக் கழிவு சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி கெட்டுக் கிடந்ததையும் கண்ணால பார்த்தேன். அதனால ரசாயனத்துக்கு வக்காலத்து வாங்க வரலைங்க. ஆனா "இயற்கை"ன்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் கேள்வியே கேக்கறதில்லை. ஒரு கிலோ துணிக்கு எத்தனை படிகாரம் போடறீங்க? எத்தனை தடவை அலசறீங்க? எவ்வளவு விறகு எரியுது? அந்தத் தண்ணி எங்க போகுது? அதோட, அவுரி நீலமும் 1897ல ஜெர்மனி ஆலை செஞ்சு விக்க ஆரம்பிச்ச ரசாயன நீலமும் ஒரே மூலக்கூறுதானுங்க.

அவுரித்தொட்டி:
கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. கிலோவுக்கு 150 கிராம் படிகாரம், 200 கிராம் கடுக்காய்த் தூள். பருத்தி தானாகப் படிகாரத்தைப் பிடிக்காது. முதலில் கடுக்காயின் துவர்ப்பு இழையில் ஏற வேண்டும், அதைப் படிகாரம் பற்றும், அதன்மேல் சாயம் உட்காரும். மிஞ்சிய படிகாரத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. கொஞ்சம் புதுப் படிகாரம் சேர்த்து அடுத்த துணியை அதிலேயே போடுகிறேன். உங்கள் பட்டறைச் சாயத்தில் அடர் நிறம் ஏற லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் உப்பு. கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்றாலும் உப்பு அரைக் கிலோவுக்குக் குறையாது. விறகு அதிகம்தான், மறுக்கவில்லை.

நீலம் ஒன்றுதான், சரி. ஆனால் அது தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைக் கொட்டுவதா, தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்க விடுவதா என்பதில்தான் வித்தியாசம். என் தொட்டியைத் தினமும் கலக்கி, மேலே செம்பு மினுப்பு ஓடுகிறதா, உள்ளே தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். துணி வெளியே வந்து காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. எத்தனை வருசம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நொய்யல்கரை:
உப்புக் கணக்கு சரிங்க. ஆனா இப்ப பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல அந்த உப்புத் தண்ணியை மீட்டு மறுபடி பயன்படுத்தறாங்க. வீட்டுத் தொட்டியை யாருங்க அளந்து பாக்கறாங்க? கருப்புக்கு இரும்புத் தண்ணி போடறப்ப அளவு மீறினா நாள்பட நூல் இத்துப் போயிரும். அப்புறம் விலை. ரெண்டு குழந்தைக்குப் பள்ளிச் சீருடை எடுக்கிறவங்களுக்கு உங்க துணி கட்டுப்படியாகுமா?

தையல்நூல்:
இருவருமே சாயத்தை மட்டும் பேசுகிறீர்கள். நான் தையல்காரி, எனக்கு வெட்டும் தையலும்தான் கண்ணில் படுகின்றன. எந்த நிறமும் ஒருநாள் மங்கும். அப்போது ஆடையை மறுபடி தோய்க்க முடிகிறதா? பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தால் துணியில் சாயம் ஏறும், நூலில் ஏறாது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் கேன்வாஸ் கொதிதண்ணீரில் உப்பிவிடும். அதனால் நான் பருத்தி நூல், கொட்டாங்குச்சிப் பொத்தான், ஒட்டு இல்லாத காலர் என்று போகிறேன். கஞ்சி போக அலசி, துணி சுருங்கிய பிறகுதான் வெட்டுவேன். மடிப்பில் ஒன்றரை அங்குலம் விடுவேன். ஒரு சட்டை மூன்று முறை நிறம் மாறி எட்டு வருசம் உழைத்தால் விலைக் கணக்கே வேறு.

நொய்யல்கரை:
அது நியாயமான பேச்சுங்க அம்மா. ஆனா வளர்ற குழந்தைக்கு எட்டு வருசக் கணக்கு ஆகாதே.

அவுரித்தொட்டி:
ஆகாது. சீருடைக்கு என்னிடம் பதில் இல்லை. அதை உங்கள் பட்டறைகள்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும். "வேறெதையும் தொடுவதில்லை" என்றது எனக்கு நானே போட்ட விரதம், ஊருக்கு அல்ல. இனி ஒவ்வொரு ஆடையோடும் வைக்கும் சீட்டில் செடியின் பெயர், படிகாரமா இரும்பா, வெயிலில் எவ்வளவு நிற்கும் என்பதையும் எழுதப்போகிறேன்.

தையல்நூல் சொன்னது சுட்டது. நேற்று அந்தக் குர்தியை அவுரியில் மூன்று முறை முக்கினேன். நீலம் அருமையாகப் பிடித்திருக்கிறது, தோளிலும் கையிலும் மட்டும் தையல் வெளுப்பாகக் கோடு கோடாய்த் தெரிகிறது. நான் போட்ட பாலியஸ்டர் நூல். உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நொய்யல்கரை:
பிரிக்கிறப்ப மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி, பாதியை அட்டையால மூடி, தெற்குப் பாத்த சன்னல்ல ஒரு மாசம் வையுங்க. பட்டறையில போட்ட நீலத்துல ஒரு துண்டு எங்கிட்டயும் இருக்குது, அதையும் இன்னைக்கே வெக்கறேன். மாசம் முடிஞ்சதும் ரெண்டையும் படம் எடுத்து இங்கயே போடலாமுங்க.